பதினாலாவது கேள்வி

பதிமூன்று கேள்விகளைத் தையல்நாயகி ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். பெயர் துரைராஜ், வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, ஊர் முடிச்சூர், கூட வந்திருப்பவர் உடன்பிறந்த அக்கா. ரேஷன் கடையிலும் பட்டா ஆபீசிலும் இதைவிடக் குடைச்சலான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. பதினாலாவதுக்கு வந்ததும் அது கப்சிப்பென்று ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மிருதுளா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிற பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கேள்வியை இரண்டாம் தடவையும் படித்துக் காட்டினாள். பயனாளியிடம் முதலில் தோன்றியது எது? அ, மதுப்பழக்கம். ஆ, மனநலக் குறைபாடு. ஏதாவது ஒன்றில்தான் டிக் அடிக்க வேண்டும். இரண்டிலும் அடித்தால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது.

பெருங்களத்தூரில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற மாடி வீடு அது. வீடு ஒன்று, வாடகை ஒன்று, சமையலும் ஒன்று. மாவட்டத்திலிருந்து வருகிற பணம் மட்டும் இரண்டு. கீழ்த்தளம் குடிக்கு, அதற்கு ஒரு துறை கொடுக்கிறது. மேல்தளம் மனசுக்கு, அதற்கு இன்னொரு துறை. கீழே ஃபேன் ஒன்று ரிப்பேரானபோது மேலே சும்மா கிடந்ததைக் கழற்றி மாட்ட முடியவில்லையாம். அது மேல்தளத்துப் பணத்தில் வாங்கியது, இறக்கையில் பெயிண்டால் எழுதியே இருக்கிறதாம். போன வருஷம் தணிக்கைக்கு வந்தவர்கள், கீழே படுத்திருந்த ஒருவர் மேல்தளத்து மாத்திரையைச் சாப்பிட்டதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பாவத்துக்கு ஆறு மாதம் இரண்டு பக்கத்துப் பணமும் நின்றுபோனது. இருந்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு முளைத்ததுதான் இந்தப் பதினாலாவது கேள்வி. இதையெல்லாம் மிருதுளா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவளுக்கும் யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இப்போது கீழே ஒரு கட்டில் காலி, மேலே ஒரு கட்டில் காலி. இன்றைக்கு நாலு மணிக்குள் பட்டியலை ஏற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் ஏப்ரல் வரைக்கும் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது, சேர்த்தவரை மாற்றவும் முடியாது. கீழே போனால் முப்பது நாள். குடியை நிறுத்துவார்கள், மற்றதைத் தொடமாட்டார்கள். மேலே போனால் ஆறு மாதம். மாத்திரை உண்டு, டாக்டர் உண்டு. ஆனால் மூன்று வாரத்துக்குள் அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் விசாரித்து, இன்னார் மனநலம் குன்றியவர்தான் என்று எழுதிக்கொண்டு போவார்கள். சுவரில் மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது.

அந்த மூன்று வாரம்தான் தையல்நாயகியின் தொண்டையில் முள்ளாக நின்றது. அவளுடைய மகள் தேவதர்ஷினிக்குப் பம்மலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்தி, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ளும் அளவுக்குக் காரியம் முற்றிவிட்டது. இருபதாம் நாள் பூ வைக்க வருகிறார்கள். தாய்மாமன் குடிப்பாராமே என்று அவர்கள் காதுக்கு எட்டாமல் இல்லை. பையனின் அப்பா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, குடிக்காத மாமன் எந்த வூட்ல கீறான் என்று பேச்சை முடித்துவிட்டார். அது போதாதா? அதனால்தான் அவளுடைய வீட்டுக்காரர் தனக்கோடி காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"குடின்னு போட்டுட்டு வா. குடிகாரன்னா நாலு பேரு சிரிப்பான், அத்தோட மறந்துருவான். மென்டல்னு எழுதுனா நாளைக்கு அது நம்ம பொண்ணு தலைலதான் வந்து வுடியும்."

தனக்கோடி கெட்டவர் இல்லை. மாமனார் விட்டுப்போன நிலத்தை மனைகளாக விற்றபோது மச்சினனின் பங்கை ஒரு அடி குறையாமல் அவன் பெயரில் எழுதிவைத்த மனுஷர். சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையை அவளும் அவருமாக நடத்துகிறார்கள். பந்தல் கட்டும் வேலை முழுக்கத் துரைராஜுடையது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது தையல்நாயகிக்குத் தெரியும். அப்படியே அடித்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் அவளும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் கேள்வியை இவ்வளவு நேருக்கு நேராகக் கேட்டபோது, பொய் சொல்வதற்கு முன்னால் உண்மை என்னவென்று தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு வீண் ஆசை வந்துவிட்டது. யோசிக்க ஆரம்பித்தாள். அதுதான் வினையாகப் போனது.

எது முதலில்? சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் பொங்கலுக்கு மறுநாள் சேக்காளிகளோடு குடித்துவிட்டு வந்து அப்பாவிடம் அறை வாங்கினான். அதைக் குடி என்று சேர்ப்பதா? அந்தத் தெருவில் அன்றைக்கு யார்தான் குடிக்கவில்லை? பிறகு வெள்ளம் வந்த வருஷம். முடிச்சூரே முழுகிக் கிடந்தபோது இவன் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மொட்டை மாடியில் ஒன்றரை நாள் தனியாக மாட்டிக்கொண்டான். பயமாக இல்லையாடா என்று கேட்டதற்கு, இன்னா பயம், பேசிகினே இருந்தோம் என்றான். பக்கத்து மாடிக்காரர்களைச் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்கு முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அதே சமயம், படகில் வந்து அவனை இறக்கியவர்கள் குளிருக்கு இரண்டு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுத்ததாகவும் அவனே சொல்லியிருக்கிறான். இரண்டும் ஒரே நாளில் நடந்ததென்றால் இந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

அதற்கப்புறமும் ஒன்றும் பிடிபடவில்லை. பந்தல் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே அவன் யாரிடமோ பேசுவான். சிரிப்பான், கோபித்துக்கொள்வான், சரி சரி என்பான். காதில் மாட்டுகிற மிஷினில் பேசுகிறான் என்றுதான் வேலையாட்கள் எல்லாரும் நினைத்தார்கள். ஒருவேளை யாராவது பெண்ணாக இருக்குமோ என்று தனக்கோடி சந்தோஷம்கூடப் பட்டார். இந்தக் காலத்தில் ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் தனியாகத்தானே பேசிக்கொண்டு போகிறான், இதில் எவனைச் சந்தேகப்படுவது? ஒருநாள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றுகொண்டு, காதில் ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அது மிஷின் பேச்சு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மிருதுளா பேனாவை மூடிவைத்தாள். "அக்கா, நீங்க டைம் எடுத்துக்கோங்க. ஆனா அவர் ரெகுலரா குடிக்க ஆரம்பிச்சது எப்போன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா எனக்குப் போதும்."

அது தையல்நாயகிக்குத் தெரியும். தேதிகூடத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், கடையில் வேலை இல்லாத ஒரு சாயங்காலம். கோயில், மந்திரிப்பு, கயிறு எல்லாம் ஆகிவிட்டிருந்தது. அவன் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கொஞ்சம் ஊற்றிக்கொடு, மனுஷன் அசந்து தூங்கட்டும் என்று தனக்கோடிதான் பாட்டிலை வாங்கிவந்து வைத்தார். ஊற்றியது அவள். பால் டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றி, தண்ணீர் கலந்து, கசாயம் என்று சொல்லாமல் இன்னதென்று சொல்லியே கொடுத்தாள். அவன் மறுபேச்சில்லாமல் குடித்தான். அன்றைக்கு எட்டு மணி நேரம் தூங்கினான். எழுந்தபோது முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. சுவரோடு பேச்சு நின்றுவிட்டது. கடவுளே வழி காட்டிவிட்டார் என்று அவள் நினைத்தாள். பிறகு தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, சாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று டம்ளரில் ஊற்றுவாள். இரண்டு விரல் மூன்று விரலானது. சில மாதங்களில் அவளுடைய டம்ளருக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. அவனே வெளியே பார்த்துக்கொண்டான்.

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, கூடாத சேர்க்கை சார் என்று யாரோ ஊர் பேர் தெரியாத நண்பர்கள் தலையில் பழியைப் போட்டாள். மிருதுளாவிடம் இப்போது ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்தப் பெண் திட்டியிருந்தால் தேவலை. அவளோ, மூடிய பேனாவால் படிவத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க சொல்றத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு எனக்குத் தெரியல அக்கா" என்றாள் கடைசியில்.

அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இல்லத்து டாக்டரைக் கேட்கலாமென்றால் அவர் வியாழக்கிழமைதான் வருவார், இன்றைக்குத் திங்கள். போனை எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். ஏதாவது ஒன்று முதலில் வந்திருக்கத்தானே வேண்டும் மேடம், குடும்பத்தாருக்குத் தெரியாமலா இருக்கும், அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைப் போடுங்கள் என்றார். குடும்பத்தார் என்ற பெயரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜீவனுக்குத் தெரியாமல்தான் இருந்தது. இந்த உலகத்தில் யாராவது அவளிடம் வந்து, அம்மா நீ இதைச் செய், பழி என்மேல் என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது. மணி மூன்றே கால்.

வாசலில் துரைராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் கட்டும்போது கம்பத்திலிருந்து விழுந்தவன். மணல் குவியலில் விழுந்ததால் தோள்பட்டையோடு போயிற்று. குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்று ஊரே சொன்னது. வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துக் குடியை இறக்கி அனுப்பினார்கள். இப்போது கை நடுக்கம் நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தான். தையல்நாயகி வந்து அவன் எதிரில் நின்றாள். இத்தனை பேரைக் கேட்டாயிற்று, இவனை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"தொரை, உள்ள ஒண்ணு கேக்கறாங்க. எனுக்கு சொல்லத் தெரியல. உனுக்கு எது மொதல்ல வந்துது? குடியா, இல்ல..." அந்த மற்றதற்கு அவர்கள் வீட்டில் பெயரே கிடையாது. "அந்தப் பேச்சா?"

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மழை எப்போது வந்தது என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான்.

"அவன்தான்க்கா மொதல்ல. வெள்ளத்துக்கு முன்னாடியே கீறான். நீ ஊத்திக் குடுத்தியே, அப்புறம்தான் வாய மூடினான். ஒரு வார்த்த இல்ல. கூடவே இருந்தவன் திடீர்னு இல்லன்னா எப்டிக்கா பொழுது போவும்? அதான் நானே வாங்கிக் குடிச்சேன். குடிச்சா அவன் வரமாட்டான்னு தெரியும். ஆனா அவன் இல்லாம கெடக்கறதுக்கும் அந்தக் குடிதான் வேண்டியிருந்துது."

அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது. தூங்கட்டும் என்று ஊற்றிக் கொடுத்தாளே, அது தம்பியின் ஒரே துணையை விரட்டுவதற்கா? அவனுக்கு அக்கா இருந்தாள், அத்தான் இருந்தார், தோளில் தூக்கி வளர்த்த மருமகள் இருந்தாள், கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இத்தனை பேர் நடுவில் அவனுக்குப் பொழுது போகவில்லையாம். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னிக்கு விழுந்தது?"

"அன்னிக்கு நான் குடிக்கலக்கா. ரெண்டு நாளா குடிக்கல. தர்ஷினிக்கு மாப்ள வூட்லருந்து வர்றாங்களே, நிறுத்திப் பாக்கலாமேன்னு இருந்தேன். மேல ஏறி உக்காந்தனா, அவன் வந்துட்டான். ரெண்டரை வருசம் கழிச்சு. கையை வுட்டுட்டு வாடான்னான். வுட்டுட்டேன்."

ரயில் ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. தையல்நாயகிக்கு அவ்வளவு குழப்பத்திலும் ஒன்று மட்டும் கண்ணாடி போலத் தெரிந்தது. கீழ்த்தளத்தில் முப்பது நாளும் என்ன செய்வார்களோ அதை இவன் ஏற்கெனவே தானே செய்து பார்த்துவிட்டான். குடியை எடுத்துவிட்டு, வேறொன்றும் தராமல் விட்டால் அவன் வருவான், கையை விடு என்பான், இவன் விடுவான். எல்லா இடத்திலும் மணல் குவித்து வைத்திருக்கமாட்டார்கள். முப்பதாம் நாள் முடிந்து வெளியே வந்தால், இவர்கள் கடையில் இருப்பது முழுக்கக் கம்பமும் கயிறும்தான்.

"இப்ப கீறானா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த இன்னொருவனைப்பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஆஸ்பத்திரில நாலாம் நாளே வந்துட்டான்."

"இன்னா சொல்றான்?"

துரைராஜ் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டான். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "உங்கக்காவுக்குக் கால் வலிக்குது, உக்கார சொல்லுடான்றான்."

அவள் உட்காரவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது. மேலே போடும்மா என்றாள். மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அதற்குச் சம்மதம்தானே என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வருத்தப்பட்டவள் போல் தலையைக் குனிந்துகொண்டாள். வரட்டும் என்று தையல்நாயகி சொன்னாள். சொல்லும்போதே பம்மல்காரர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. தேவதர்ஷினி போனில் சிரித்துப் பேசுகிற முகமும் வந்தது. பெற்ற பெண்ணைத் தூக்கி அடகு வைக்கிறேனா, கூடப்பிறந்தவனைக் காப்பாற்றுகிறேனா, மாத்திரையைக் கொடுத்து மறுபடியும் அவனை ஒண்டியாக்குகிறேனா? மூன்றும்தான் என்று பட்டது. ஒன்றுமே இல்லை என்றும் பட்டது. ஆ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மிருதுளா டிக் அடித்தாள்.

"டம்ளர் விஷயம் எழுதலியாம்மா?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா."

இருந்திருந்தால் தேவலை என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. யாராவது அதை எழுதி, கீழே கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி எங்காவது ஒரு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால் அது அவளைவிட்டுப் போயிருக்கும். இப்போது அதை வீட்டுக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். மிருதுளா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூன்று ஐம்பதுக்கு அது வாங்கிக்கொண்டது. மேல்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து, வாங்கண்ணா, மேலே காட்டுகிறேன் என்று துரைராஜைக் கூப்பிட்டுவிட்டு அவர்பாட்டுக்கு முன்னால் ஏறிப் போனார்.

மாடிப்படி குறுகலானது. ஒரு ஆள் ஏறும்போது இன்னொரு ஆள் இறங்க முடியாது. துரைராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போனான். முதல் படியில் கால் வைக்கப் போனவன் நின்றான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. தையல்நாயகி அலுவலக அறை வாசலிலும் மிருதுளா அவளுக்குப் பக்கத்திலும் நின்றிருந்தார்கள். அவன் சுவரோடு ஒட்டி ஒதுங்கி, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது கையைப் படியின் பக்கமாக லேசாக நீட்டினான். யாரோ ஒருத்தர் நாலு படி ஏறுகிற நேரம் அப்படியே காத்திருந்தான். அதற்குப் பிறகு அவனும் ஏறினான்.